எரிவதல்ல, தேய்வது

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கோவை மாவட்டத்தின் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது வடகரப்பதி. மாநிலம் கேரளம் என்றாலும் தமிழ் பேசுவோர் நிறைந்த ஊர். இத்தகைய எல்லையோர ஊர்களில் ரிமோட்டுக்கு ஓய்வு குறைவு. மாநிலச் செய்திக்கு மலையாள சானல், தொடருக்கும் சினிமாவுக்கும் தமிழ் சானல். இந்த இரட்டைப் பழக்கம் டி.வி. திரைக்கும் நல்லது என்பது பலருக்குத் தெரியாது.

ஒரே சானலை நாள் முழுவதும் ஓடவிட்டால் அதன் சின்னமும், செய்தி ஓடும் பட்டையும் திரையில் நிழலாகத் தங்கிவிடும். சானலை மாற்றினாலும் போகாது. ஆங்கிலத்தில் இதற்கு ‘பர்ன்-இன்’ என்று பெயர். பிக்ச்சர் ட்யூப் காலத்துச் சொல் இது. அசையாத படத்தின் மேல் எலெக்ட்ரான் கற்றை ஓயாமல் விழுந்தால் பாஸ்பர் பூச்சு கருகும். கம்ப்யூட்டருக்கு ‘ஸ்க்ரீன் சேவர்’ வந்ததே இதைத் தவிர்க்கத்தான்.

இன்றைய ஓ.எல்.இ.டி. திரையில் எதுவும் எரிவதில்லை. அதன் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும் விளக்கு. அதிகம் எரிந்த விளக்கு சீக்கிரம் மங்குவதைப் போல, சின்னம் நின்ற இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட முன்பே மங்கிவிடுகின்றன. எனவே ‘தேய்மானம்’ என்பதே பொருத்தமான தமிழ். எரிந்தது என்றால் விபத்து. தேய்ந்தது என்றால் பழக்கத்தின் விளைவு. பழக்கத்தை மாற்ற முடியும்.

கனடாவின் ஆர்டிங்ஸ் நிறுவனம் 2018இல் 6 ஓ.எல்.இ.டி. டி.வி.க்களை தினம் 20 மணி நேரம் ஓடவிட்டது. சி.என்.என். செய்தி மட்டுமே ஓடிய திரைகளில் தடம் விழுந்தது. ஒளியைக் கூட்டி வைத்ததில் பாதிப்பு அதிகம். பலவகை நிகழ்ச்சிகள் ஓடியது தப்பியது.

செய்ய வேண்டியவை எளியவை. கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த ‘விவிட்’ அமைப்பை மாற்றி ஒளியைக் குறையுங்கள். செய்தி சானலை ஓடவிட்டுவிட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள். படத்தை லேசாக நகர்த்தும் ‘பிக்ஸல் ஷிப்ட்’ வசதியை அணைக்காதீர்கள்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பது நம் வழக்கம். ஓ.எல்.இ.டி. டி.வி.க்கு இது கெடுதல். சுமார் 4 மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டால் அணைத்தால், ஸ்டாண்ட்-பையில் சில நிமிடம் தன் புள்ளிகளைச் சோதித்துத் தேய்மானத்தை ஈடுசெய்துகொள்வது எல்.ஜி. டி.வி.க்களின் வழக்கம். மின்சாரத்தையே துண்டித்தால் அந்த வேலை நடக்காது. ஐப்பசி இடி மழையில் பிளக்கைப் பிடுங்குவது வேறு, அது அவசியம். மற்ற நாட்களில் அரைமணி பொறுத்து அணைத்தால் மின்சாரமும் மிச்சம், திரையும் பிழைக்கும்.

வீட்டில் இருப்பது சாதாரண எல்.இ.டி. டி.வி. என்றால் பயம் வேண்டாம். அது உண்மையில் எல்.சி.டி. திரை, ஒளி பின்னாலிருந்து வருகிறது. நிழல் படிந்தாலும் பெரும்பாலும் தானே மறையும்.

ஓ.எல்.இ.டி. வாங்குவோர் உத்தரவாத அட்டையை முதலில் படிக்கட்டும். திரைத் தடத்தைப் பல நிறுவனங்கள் அதில் சேர்ப்பதில்லை. திரையை மாற்றும் செலவு புது டி.வி.யின் விலையை நெருங்கும்.