முதல் வேடச் சட்டை

கதையிலே கண்டவரைப் போல உடுத்துப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை பிள்ளைகளுக்குப் புதியதன்று. பாடசாலை வினோத உடைப் போட்டிகளில் ஔவையாரும் பாரதியாரும் வரிசையாக மேடையேறுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த ஆசையே இக்காலத்தில் வளர்ந்து 'கொஸ்பிளே' என்ற பெயரோடு நம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. சித்திரக் கதையிலோ திரைப்படத்திலோ தம் மனங்கவர்ந்த ஒரு பாத்திரத்தைத் தெரிந்து, அதன் உடையை நுணுக்கமாகச் செய்து அணிந்து, ஒத்த ரசனையுள்ளோர் கூடும் விழாவுக்குச் செல்வதே இக்கலை.

பிள்ளை இதைக் கேட்டதும் வீட்டிலே முதலில் எழும் பேச்சு நமக்குத் தெரிந்ததுதான். "ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பதா?" என்பார் தந்தையார். ஆயத்த உடையைப் பணங்கொடுத்து வெளிநாட்டிலிருந்து தருவித்து, அது அளவில்லாமல் வந்து, ஒரு மாலைப்பொழுதோடு அலுமாரிக்குள் போய்விடுமாயின் அவர் சொல்வது முற்றிலும் நியாயம். ஆனால் பிள்ளையே அதனைத் தைப்பாளாயின் கணக்கு மாறிவிடுகிறது. கூத்து ஒரு நாளோடு முடிந்தாலும் கைக்கு வந்த தொழில் முடிவதில்லை. எனவே, இதுவரை ஊசியே பிடித்தறியாத மாணவியர் முதல் உடையை எவ்வாறு தைக்கலாம் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

தொடக்கமே தையல்தான்

1939ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் விஞ்ஞானக் கற்பனைக் கதை வாசகர்களின் முதலாவது உலக மாநாடு கூடியது. அங்கே பொறஸ்ட் அக்கர்மன் என்ற இளைஞரும் மேர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணியும் எதிர்கால மனிதரின் உடை என்று கற்பனை செய்த ஆடைகளை அணிந்து வந்தனர். இரண்டையும் தைத்தவர் மேர்ட்டில் டக்ளஸ். இன்று உலகமெங்கும் பரந்துள்ள இக்கலையின் முன்னோடியாக அவரைப் பலர் கருதுகின்றனர்.

'கொஸ்பிளே' என்ற சொல் பிறந்தது யப்பானில். உடை, விளையாட்டு என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் குறுக்கி, 1980களின் முற்பகுதியில் தக்கஹாஷி நொபுயுக்கி என்பவர் அதனை எழுத்தில் வழங்கினார். அந்நாட்டின் நகோயா நகரில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய உலக கொஸ்பிளே மாநாட்டில் பல நாட்டவரும் பங்குபற்றுகின்றனர். உடையின் வேலைப்பாட்டையும் அங்கே நடுவர்கள் உற்று நோக்குகின்றனர். நமது கொழும்பிலும் இத்தகைய விழாக்கள் நடந்திருக்கின்றன.

எதைத் தெரிவது?

முதன்முதல் தைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே இடறுகிறார்கள். கவசம், இறகு, பொன்னிறச் சரிகை, ஏழு மடிப்புப் பாவாடை என்று கண்ணைப் பறிக்கும் பாத்திரத்தைத் தெரிந்துகொண்டு, பாதியிலே மனமுடைந்து துணியைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். முதல் உடைக்கு வேண்டியன இரண்டே: வெட்டு எளிதாயிருத்தல் வேண்டும், பார்த்தவுடன் இன்னார் என்று அடையாளம் தெரிதல் வேண்டும்.

இவ்விரண்டும் அமைந்தவள் 'கிகி' என்னும் சிறுமி. யப்பானிய எழுத்தாளர் கதோனோ எய்கோ 1985இல் வெளியிட்ட சிறுவர் நூலின் நாயகி அவள். அந்நூலாசிரியைக்கு 2018இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருது கிடைத்தது. மியாசாக்கி ஹயாஓ அக்கதையை 1989இல் சித்திரத் திரைப்படமாக்கினார். ஆங்கிலத்தில் 'கிகிஸ் டெலிவரி சேர்விஸ்' என்று வழங்குவது அதுவே. பதின்மூன்று வயது நிரம்பிய சூனியக்காரச் சிறுமி, குல வழக்கப்படி வீட்டைப் பிரிந்து அயலூர் சென்று, தனக்குத் தெரிந்த ஒரே வித்தையாகிய பறத்தலைக் கொண்டு பொதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறாள்.

அவள் உடையோ மிக எளியது. இடுப்பிலே வெட்டில்லாத, நீண்ட கையுடைய, முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்வான கருஞ்சட்டை. தலையிலே பெரிய சிவப்பு நாடாப் பூ. கையிலே துடைப்பம். இவை மூன்றும் அமைந்தால், அப்படத்தைப் பார்த்தவர்கள் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார்கள். தலைப்பூவைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது எங்கும் அணிந்து செல்லத்தக்க சாதாரணச் சட்டை. ஆகவே செலவும் வீணாகாது.

துணியும் அளவும்

நடுத்தரக் கனமுள்ள பருத்தித் துணியையே வாங்குக. பொப்ளின் நன்று. வழுக்கும் சாட்டினும் இழுபடும் பின்னற்துணியும் பழகிய கைகளுக்கே உரியவை. கறுப்பு அல்லது ஆழ்ந்த கருநீலம் பொருந்தும். 45 அங்குல அகலத் துணியாயின், 42 அங்குல நீளச் சட்டைக்கு முன்புறம் 45, பின்புறம் 45, பக்கத்திற்குப் பக்கமாக வெட்டும் இரண்டு கைகளுக்கு 24 என 114 அங்குலம் செல்லும். கழுத்துப் பட்டிக்கும் சேர்த்து 3½ யார், அதாவது 3.2 மீற்றர் போதுமானது. தலைப்பூவுக்குச் சிவப்புத் துணி ½ யார் எடுக்கவும்.

வெட்டுமுன் துணியை நனைத்துக் காயவிடுதல் அவசியம். பருத்தி சுருங்கும், கருஞ்சாயம் கழலும். தைத்தபின் சுருங்கினால் எந்தக் கைவன்மையாலும் அதனை மீட்க முடியாது. சிவப்பையும் கறுப்பையும் தனித்தனியே நனைக்க வேண்டும்.

மாதிரியை வரைவதற்கு எளிய வழி ஒன்றுண்டு. உடலுக்குப் பொருந்தும் தளர்வான பழைய சட்டையை நடுவே மடித்து, பழைய பத்திரிகைத் தாளின்மேல் விரித்து, ஓரத்தைச் சுற்றி வரைந்துகொள்க. கையையும் அவ்வாறே தனியாக வரைக. இழுபடும் துணியில் தைத்த ரீசேட்டை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதன் அளவு பொப்ளினுக்குப் போதாது.

வரைந்த பின் அளவு நாடாவால் சரிபார்க்க வேண்டும். மார்புச் சுற்றளவு 32 அங்குலம் என்று கொள்வோம். தளர்ச்சிக்கு 6 கூட்டினால் 38. அதனை நான்காகப் பிரித்தால் 9½. தையலுக்கு ½ கூட்டினால் 10. மடித்த துணியில் கைக்குழியின் கீழே இந்த 10 அங்குலம் இருத்தல் வேண்டும். தளர்ச்சியையும் தையல் ஓரத்தையும் கூட்ட மறந்தால் சட்டை உடலில் ஏறாது. கீழ்விளிம்பு மடிப்புக்கு 2 அங்குலம் விடுக.

ஒத்திகைச் சட்டை

நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பது போல, சட்டைக்கும் ஒத்திகை வேண்டும். நல்ல துணியில் கத்தரிக்கோலை வைக்குமுன், கிழிந்த படுக்கை விரிப்பு ஒன்றிலே அதே மாதிரியை வெட்டி, நீண்ட இழைகளாக விரைவில் தைத்து அணிந்து பாருங்கள். கைகளைத் தலைக்குமேல் உயர்த்துக, குனிக, கதிரையில் இருக்க, துடைப்பத்தில் ஏறுவது போல் காலைத் தூக்குக. எங்கே பிடிக்கிறதோ அங்கே பிரித்துத் துணித் துண்டு சேர்க்கலாம். எங்கே தொங்குகிறதோ அங்கே குண்டூசி குத்தி ஒடுக்கலாம். அம்மாற்றங்களைத் தாள் மாதிரியிலும் குறித்துக்கொள்க.

தொடங்குவோர் இதனை வீண்வேலை என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் முழு வேலையிலும் நம்மைக் காப்பது இதுவே. பழைய விரிப்பில் செய்யும் பிழைக்கு ஒரு சதமும் நட்டமில்லை. அதே பிழையைப் புதுத்துணியில் செய்தால் பணமும் போகும், அதனிலும் மேலாக மனத்துணிவும் போய்விடும்.

வெட்டலும் தைத்தலும்

துணியின் கரைக்கு இணையாக மாதிரியை வைத்து, வெள்ளைச் சோக்கினால் கோடிட்டு வெட்டுக. சரிந்து வெட்டிய சட்டை உடலில் முறுகி நிற்கும். கழுத்தை முதலிற் சிறிதாகவே வெட்டுங்கள். சிறிய கழுத்தைப் பெரிதாக்கலாம்; பெரியதைச் சிறிதாக்க இயலாது. தலை நுழைவதற்குப் பின்புற நடுவில் 6 அங்குலம் பிளந்து, பின்னர் மேலே ஒரு தெறி வைத்தால் போதும்.

தைக்கும் வரிசை இது. முதலில் இரு தோள்களையும் இணைக்கவும். அடுத்து, துணியைச் சரிவாக வெட்டி எடுத்த 1¼ அங்குலப் பட்டியால் கழுத்தையும் பிளவையும் ஓரங்கட்டவும். பின்பு, பக்கங்களை மூடாமல் சட்டையைத் தட்டையாக விரித்து வைத்தபடியே கைகளைக் கைக்குழியில் பொருத்துக. மூடிய குழியில் வட்டமாகக் கை பூட்டுவதை விட இது புதியவர்க்கு எளிது. அதன்பின் மணிக்கட்டு முதல் கமக்கட்டு வரையும், அங்கிருந்து கீழ்விளிம்பு வரையும் ஒரே ஓட்டமாகத் தைத்து முடிக்கலாம். கமக்கட்டு வளைவில், தையலைத் தொடாமல் ஓரத்தில் மட்டும் சிறு வெட்டுகள் இடுக. இல்லையேல் அவ்விடம் சுருங்கி இழுக்கும்.

தையல் இயந்திரமாயின் 14ஆம் இலக்க ஊசியும் 2½ மில்லிமீற்றர் இழை நீளமும் பொப்ளினுக்கு ஏற்றவை. முதலில் துண்டுத் துணியில் தைத்துப் பார்க்க வேண்டும். இயந்திரம் இல்லாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. வெறும் நூலோட்டம் இழுபட்டால் அறுந்துபோகும். ஒவ்வோர் இழைக்கும் ஊசியைச் சற்றுப் பின்வாங்கிக் குத்தும் பின்தையலால் பக்கங்களைத் தைத்தால் சட்டை உறுதியாக நிற்கும்.

ஒவ்வொரு தையல் முடிந்ததும் அதனைப் பிரித்து விரித்து மின்னழுத்தியால் அழுத்துக. வீட்டுத் தையலுக்கும் தொழிற் தையலுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேற்றுமை பெரும்பாலும் இந்த அழுத்தத்திலேதான் இருக்கிறது. கீழ்விளிம்பை உடனே மடிக்க வேண்டாம். ஓர் இரவு சட்டையைத் தொங்கவிட்டால், சரிவாக வெட்டிய பகுதிகள் சற்று இறங்கி நிற்கும். மறுநாள் அணிந்து, நிலத்திலிருந்து ஒரே உயரத்தில் குறியிட்டு மடித்துத் தைக்கவும்.

தலைப்பூவுக்கு 24 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் உள்ள சிவப்புத் துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, உட்புறமாகத் தைத்துப் புரட்டுக. இரு முனைகளையும் நடுவே கொணர்ந்து பொருத்தி, நடுவைச் சுருக்கி, சிறு பட்டியால் இறுகச் சுற்றித் தைத்துத் தலைப்பட்டியில் பூட்டுக. தளர்ந்து விழாமல் நிற்பதற்கு, தைக்குமுன் துணிக்குத் தடிப்பாகக் கஞ்சி இடுதல் நன்று. துடைப்பத்துக்குக் கடையேற வேண்டாம். நீண்ட தடி பூட்டிய நம் ஈர்க்கு விளக்குமாறே கிகியின் துடைப்பத்துக்கு நெருங்கிய உறவு.

அன்னையர்க்கு ஒரு வார்த்தை

பிள்ளை ஊசியில் நூல் கோக்கத் திணறும்போது, கோணலாகத் தைக்கும்போது, "இங்கே கொண்டா, நான் தைத்துத் தருகிறேன்" என்று சொல்லத் தாயின் நா துடிக்கும். அன்பினாலேயே அவ்விதம் சொல்கிறோம். எனினும் அந்தக் கணத்தில் பிள்ளையின் கையிலிருந்து நாம் வாங்குவது துணியை மட்டுமன்று. கோணலைத் தானே பிரித்துத் தானே நேராக்கியவளுக்கே அடுத்த சட்டையைத் தனித்துத் தைக்கும் தைரியம் வரும். அருகில் இருங்கள், கேட்டால் காட்டிக் கொடுங்கள், ஒரு துண்டுத் துணியில் உங்கள் கையால் தைத்துக் காட்டி, சட்டையை அவளிடமே விட்டுவிடுங்கள். மகன் தைக்க விரும்பினாலும் தடுக்க வேண்டாம். சந்திதோறும் தையற்கடை நடத்துபவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. "அந்தப் பெண்ணின் நிறம் என்ன, உன் நிறம் என்ன?" என்று விளையாட்டாகவும் சொல்லாதீர்கள். கிகி ஒரு சித்திரம். சித்திரத்தோடு உருவத்தில் ஒத்த மனிதர் எந்த நாட்டிலும் இல்லை. யப்பானியரும் இந்த விஷயத்தில் நம்மைப் போன்றவரே. ஒத்திருக்க வேண்டியது சட்டை. அது நம் கையில் இருக்கிறது.

திரைப்படத்தின் தொடக்கத்திலே கிகிக்கும் அந்தக் கருஞ்சட்டையில் விருப்பமில்லை. அழகிய பூ நிறமாக இருந்தால் ஆகாதோ என்று முகஞ்சுளிக்கிறாள். தோற்றத்தைவிட உள்ளமே பெரிதென்று அவளுடைய தாய் தேற்றி அனுப்புகிறாள். அவ்வுடையோடுதான் அப்பெண் அறியாத ஊருக்குச் சென்று தன் சொந்த முயற்சியால் காலூன்றுகிறாள்.

மாணவியரே, விழாவுக்கு ஒரு மாதம் முன்னரே தொடங்குங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பாடங்களும் கெடாது. முதல் சட்டையின் உட்புறத்தில் கோணல்கள் இருக்கும். அதனால் வெட்கம் வேண்டாம். விழா முடிந்த மறுவாரம் அதே சட்டையைத் தலைப்பூ இல்லாமல் அணிந்து வெளியே செல்லும்போது, "எங்கே தைப்பித்தாய்?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நீங்களே தைத்ததாகச் சொல்லலாம்.