வெண்கட்டியும் தொடுதிரையும்

கடந்த சனிக்கிழமை எமது தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். இலண்டன் புறநகரொன்றில், ஆங்கிலப் பாடசாலையின் வகுப்பறைகளை வாடகைக்குப் பெற்று வாரத்தில் இரண்டு மணி நேரம் நடைபெறும் பாடசாலை அது. கணக்கறிக்கை வாசித்து முடிந்து, தேநீரும் பற்றீசும் பரிமாறப்பட்ட வேளையில் தந்தையார் ஒருவர் எழுந்தார். "சேமிப்பில் 2100 பவுண் இருக்கின்றதே, ஒரு ஸ்மார்ட் போர்ட் வாங்கினால் என்ன?" என்று கேட்டார். விசாரித்த விலை, சக்கரத் தாங்கியுடன் 1800 பவுண். கூட்டம் இரண்டுபட்டது. முடிவு அடுத்த மாதத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்கிடையில் எமது கருத்தை இப்பத்தியில் எழுதுமாறு சிலர் கேட்டுக்கொண்டனர்.

இப்பலகை பெற்றோருக்குத்தான் புதிது, பிள்ளைகளுக்கு அன்று. 1991ஆம் ஆண்டில் கனடாவின் கல்கரி நகரிலுள்ள ஸ்மார்ட் டெக்னாலஜிஸ் என்னும் நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணனித் திரையிற் காண்பதைப் புரொஜெக்டர் பலகையில் வீழ்த்தும். பலகையை விரலால் தொட்டால் தொட்ட இடத்தைக் கணனி அறிந்துகொள்ளும். ஆசிரியர் முன்னே நின்றால் அவருடைய நிழலே பாடத்தை மறைத்துவிடும் என்பது அதன் பெருங்குறை. இன்று விற்கப்படுபவை பெரிய தொலைக்காட்சி போன்ற தொடுதிரைகள். நிழற் தொல்லை அவற்றில் இல்லை.

அதே 1991இல் நாம் யாழ்ப்பாணத்தில் கற்பித்துக்கொண்டிருந்தோம். மின்சாரம் இல்லை; பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அரிது. கரும்பலகை நரைத்துப் போனால், ஊமத்தம் இலையைக் கரியுடன் அரைத்து மாணவரே பூசுவர். இதனைப் பெருமைக்காகக் கூறவில்லை. இல்லாமையைப் பெருமையாகப் பேசும் வழக்கம் நம்மவரிடம் சற்று மிகுதி. அப்பலகையில் எழுதியது பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததில்லை என்பதே உண்மை. ஆகவே, "நாங்கள் வெண்கட்டியால் படிக்கவில்லையா?" என்று கூட்டத்தில் எழுந்த வாதத்தை எம்மால் ஏற்க இயலவில்லை.

இவ்விடயத்தில் இந்நாடு கண்ட அனுபவம் நமக்கு உதவக்கூடியது. 2003ஐ அடுத்து வந்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் கல்வி அமைச்சு இப்பலகைகளை வாங்குவதற்கெனப் பாடசாலைகளுக்குத் தனி நிதி வழங்கியது. அதன் பயனை ஆராய்ந்த இரு அறிக்கைகள் 2007இல் வெளிவந்தன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவகத்தினர் இலண்டனின் இடைநிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து, பலகை வந்த முதலாண்டில் மாணவரின் பெறுபேறுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் காணவில்லை என்றனர். மெல்லக் கற்கும் மாணவர் வகுப்புகளில், ஒவ்வொருவராக எழுந்து பலகையைத் தொடச் சென்றதனால் பாடம் தாமதப்பட்டதும் உண்டாம். ஆரம்பப் பாடசாலைகளை ஆராய்ந்த மான்செஸ்டர் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தினரோ, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இப்பலகையின் துணையுடன் கற்ற பிள்ளைகளிடம் முன்னேற்றம் கண்டனர். ஆசிரியரின் கை பழகிய இடத்திலேயே பயன் விளைந்தது என்று இரண்டையும் சேர்த்து நாம் விளங்கிக்கொள்கிறோம்.

எமது ஆசிரியரின் கை பழகுமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆங்கிலப் பாடசாலை ஆண்டில் 190 நாட்கள் நடைபெறுகின்றது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே பலகையைப் பயன்படுத்தினாலும் இரண்டு ஆண்டுகளில் 380 மணியாகும். நமக்கோ ஆண்டில் 35 சனிக்கிழமைகள், 70 மணி நேரம். ஆறு வகுப்புகள் ஒரு பலகையைப் பகிர்ந்தால், வகுப்பொன்றுக்குக் கிடைப்பது பன்னிரண்டு மணிக்குக் குறைவு. அந்த 380 மணியை எட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று அரிவரியில் இருக்கும் பிள்ளையின் பிள்ளை அதற்குள் அரிவரிக்கு வந்துவிடும்!

எனினும் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு, இங்கேயே பிறந்து வளர்ந்த இளம் ஆசிரியை ஒருவர், 'இ' என்னும் எழுத்து எங்கே தொடங்கி எங்கே சுழிக்கின்றது என்பதனைத் தமது மடிக்கணனியில் அசையும் கோடாகக் காட்டினார். அதுவரை வாலிலிருந்து தலைக்கு அவ்வெழுத்தை வரைந்துகொண்டிருந்த எட்டுப் பிள்ளைகள் அன்றே திருத்திக்கொண்டனர். நாம் இரு தவணைகளாகக் கையைப் பிடித்து எழுதுவித்தும் ஆகாத காரியம் அது. ஒப்புக்கொள்வதற்கு எமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கின்றது. ஆயினும் அந்த அசையும் கோட்டை ஆக்க அவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை இரவு முழுவதும் தேவைப்பட்டதாம். ஆங்கிலத்திற்கும் கணிதத்திற்கும் ஆயத்தப் பாடங்கள் விலைக்குக் கிடைக்கின்றன. புலம்பெயர்ந்த பிள்ளையின் தமிழுக்கு ஏற்றவற்றை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான உழைப்பு 1800 பவுணில் அடங்கவில்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் நினைவிருக்கட்டும். விளையாட்டுப் போட்டியன்று அன்னையர் கொட்டும் மழையில் நின்று அப்பம் சுட்டு விற்றுச் சேர்த்தது அதிற் பெரும்பகுதி. அகதி விண்ணப்பத்தின் முடிவு வராமலும், வேலை செய்ய அனுமதி இல்லாமலும் இருக்கும் மூன்று குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தவணைக் கட்டணம் கட்ட இயலாமையால், அவர்களுள் ஒரு குடும்பத்தின் இரு பிள்ளைகள் தை மாதத்திலிருந்து வரவில்லை. இருவருடைய இருக்கைகள் வெறுமையாக இருக்கும் வகுப்பில் புதுத் திரையை நிறுத்துவதற்கு எமது மனம் இடந்தரவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாம் வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொரு வகுப்பறையின் சுவரிலும் இப்பலகை முன்பே மாட்டப்பட்டிருக்கின்றது. அதனைத் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆதலால் அதன் முன்னே கடதாசித் தாங்கியை நிறுத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரேயொரு வகுப்பறையில், ஒரு தவணைக்கு மட்டும், பொறுப்புப் பணம் பெற்றுக்கொண்டு அனுமதி தருமாறு அப்பாடசாலை அதிபரை இதுவரை எவரும் கேட்கவில்லை. அந்த இளம் ஆசிரியையும் வேறு இருவரும் பழகிப் பார்த்த பின்னர் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். அதுவரை அச்சேமிப்பிலிருந்து மூன்று குடும்பங்களின் கட்டணத்தைச் செலுத்திவிடலாம் என்பது எமது யோசனை.

அதிபருக்கான கடிதத்தின் முதல் வரைவை எழுதி வைத்திருக்கிறோம். ஆங்கிலம் நன்கறிந்த பெற்றோர் ஒருவர் திருத்தித் தருவாராயின் வருகின்ற திங்கட்கிழமையே கையளித்துவிடலாம்.