பசித்தவர் முகம் விளம்பரப் பலகை அல்ல

பிறந்தநாள், திருமண நாள், தலைவர்களின் நினைவு நாள் என்று காரணம் எதுவானாலும் காப்பகங்களுக்குச் சென்று உணவு வழங்கும் வழக்கம் தமிழகத்தில் பரவியிருக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? தட்டில் பிரியாணி வைத்தாயிற்று. பிள்ளைகள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாயிற்று. இருந்தும் ஒரு வாய் சாப்பிட முடியாது. கொடுத்தவர் குடும்பத்தோடு பின்னால் வந்து நிற்க வேண்டும். படம் சரியாக விழவில்லை என்றால் இன்னொரு முறை. அன்று மாலைக்குள் அந்தப் பிள்ளைகளின் முகங்கள் முன்பின் தெரியாதவர்களின் கைபேசிகளில் உலா வருகின்றன. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கேட்டாலும், மறுத்துச் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை.

இது தவறு. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒருவரின் மானத்தை விலையாக வாங்குவது தொண்டு ஆகாது. பெறுபவருக்கு இழைக்கும் இந்த அநீதியோடு, கொடுப்பவரும் தனக்குக் கிடைக்க வேண்டிய பெரும் பயனை இழந்துவிடுகிறார்.

அந்தப் பயன் என்ன என்பதை வடலூர் நமக்குக் காட்டியிருக்கிறது. 1867 மே 23ஆம் நாள் வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வருகிறவரிடம் சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. அங்கே அவர் எழுப்பிய சத்திய ஞானசபை வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது 1872இல்தான். முதலில் சோறு, பிறகு சபை என்ற அந்த வரிசையிலேயே அவர் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. பசி தீர்ப்பதை வழிபாட்டோடு சேர்த்துச் செய்யும் புண்ணியமாக மட்டும் அவர் எண்ணவில்லை. ஜீவகாருண்யத்தையே கடவுளை அடையும் வழியாகக் கொண்டார். பந்தியில் பரிமாறுகிறவர் குனிந்தே ஆக வேண்டும். குனியக் குனிய, ‘நான் கொடுக்கிறேன்’ என்ற நினைப்பு தேய்கிறது. தொண்டின் ஆன்மிகம் அங்கேதான் தொடங்குகிறது.

மதுரையின் கண் மருத்துவர் கோ. வெங்கடசாமியின் வாழ்க்கையும் இதையே சொல்கிறது. இளம் வயதிலேயே முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கியது. அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அரவிந்தரின் வழியைப் பின்பற்றிய அவருக்கு அந்த வேலையே ஆன்மிக சாதனை. அங்கே பணம் கட்டுபவருக்கும் கட்ட இயலாதவருக்கும் அறுவை செய்பவர்கள் அதே மருத்துவர்கள்தான். ஏழைக்கு இது போதும் என்று தரத்தைக் குறைக்காத இடத்தில்தான் தொண்டு முழுமை பெறுகிறது.

இதற்கெல்லாம் மகானாகவோ மருத்துவராகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. பார்வையற்ற மாணவருக்காகத் தேர்வு எழுதிக் கொடுப்பவரை எண்ணிப் பாருங்கள். மாணவர் சொல்லும் விடை பிழை என்று அவருக்குத் தெரியும். சரியான விடையும் தெரியும். ஆனாலும் சொன்னதைத்தான் எழுத வேண்டும். தன் அறிவு, தன் அவசரம், தன் கெட்டிக்காரத்தனம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, இன்னொருவரின் கையாக மட்டும் அந்தச் சில மணி நேரம் இருக்க வேண்டும். பல ஆண்டு தியானத்தால் கைகூடும் அடக்கத்தை ஒரு தேர்வறை கற்றுக்கொடுத்துவிடுகிறது.

‘படம் போட்டால்தானே நாலு பேருக்கு உதவ மனம் வரும்’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நன்கொடை வாங்கும் அமைப்புகள் தங்கள் பணியை வெளியே காட்டத்தான் வேண்டும். சமையற்கூடத்தைக் காட்டுங்கள், வரவு செலவுக் கணக்கைக் காட்டுங்கள், காய் நறுக்கும் கைகளைக் காட்டுங்கள். கை நீட்டி நிற்பவரின் முகத்தைக் காட்ட உங்களுக்கு உரிமை இல்லை.

காப்பகங்களை நடத்துவோர் உணவுக்கூடத்தில் படம் எடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். படம் எடுக்க விடாவிட்டால் கொடுக்கமாட்டேன் என்று ஒருவர் திரும்பிப் போனால், போகட்டும். அவர் தேடி வந்தது விளம்பரம். உதவ நினைப்போர் ஆண்டுக்கு ஒரு நாள் விருந்தோடு நின்றுவிடாமல், வாரத்தில் ஒரு மணி நேரத்தைத் தரட்டும். அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாத நோயாளிக்கு மருந்து வாங்கித் தரலாம்; பின்தங்கிய பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். பெயர் சொல்லாமல், படம் எடுக்காமல், விடாமல் செய்யும் அந்த ஒரு மணி நேரம் பெறுபவரின் மானத்தைக் காக்கும். கொடுப்பவரின் மனத்தையும் திருத்தும். தொண்டு என்ற பெயருக்குத் தகுதியானது அதுதான்.