சொல்லாமல் அறும் டைமிங் பெல்ட்... கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு!

ஆயில், டயர், பேட்டரி எல்லாவற்றையும் பார்ப்பவர்கள்கூட மறந்துவிடும் ஒன்று, இன்ஜினின் பக்கவாட்டு மூடிக்குள் சுற்றும் டைமிங் பெல்ட்.

பிஸ்டன் மேலே வரும்போது வால்வு வழிவிட வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது இந்த ரப்பர் பெல்ட்தான். 3,000 ஆர்.பி.எம்-மில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடும். அப்போது பெல்ட் அறுந்தால், பல இன்ஜின்களில் திறந்து நிற்கும் வால்வை பிஸ்டன் இடித்து வளைத்துவிடும். பெல்ட் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, ஹெட்டையே இறக்கும் வேலையாகிவிடும்.

எல்லா கார்களிலும் பெல்ட் கிடையாது, சிலவற்றில் செயின். பழைய சான்ட்ரோ, டஸ்டர் டீசல் போன்றவை பெல்ட் வகை.

என்ன செய்யலாம்?

* எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஆண்டு என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். எது முதலில் வருகிறதோ, அப்போதே மாற்றுங்கள். அதிகம் ஓடாத காரிலும் ரப்பருக்கு வயதாகும்.
* டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும் பாருங்கள்.
* செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது, பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால், மாற்றும் செலவையும் விலையில் கணக்கிடுங்கள்.
* ஓடும்போது இன்ஜின் சட்டென நின்றுவிட்டால், மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். தப்பித்த வால்வும் வளையலாம். காரை டோ செய்து மெக்கானிக்கிடம் கொண்டுபோவதே நல்லது.