இனாமாக வரும் பந்தயக் குதிரை

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை சில சமயம் ஒரு கறவை மாட்டின் விலைக்கும் குறைவாகக் கிடைத்துவிடுகிறது. கொண்டுபோனால் போதும் என்று இனாமாகவே கொடுப்பவர்களும் உண்டு. முதுகு மட்டத்திலேயே 5 அடிக்கு மேல் உயரம், மினுமினுக்கும் தோல், நீண்ட கால்கள்! பார்த்தவர்களுக்கு ஆசை வருவதில் வியப்பில்லை. கொடைக்கானல் ஏரிக்கரையிலும் உதகையிலும் சவாரிக்கு விட்டு நாலு காசு பார்ப்பவர்களைக் கண்ட சிறு விவசாயி, தானும் ஒன்றை வாங்கினால் என்ன என்று யோசிக்கிறார். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று தரகரும் தூபம் போடுகிறார்.

குதிரை இனாம்தான். ஆனால் அதன் வயிறு இனாம் அல்ல. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள் ஒன்றுக்கு 7 முதல் 9 கிலோ வரை காய்ந்த புல் வேண்டும். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 2,500 கிலோவுக்கு மேல் போகும். பசும்புல்லாகக் கொடுப்பதானால், அதிலுள்ள நீரையும் சேர்த்து எடை நாலைந்து மடங்காகும். ஒரு கறவை மாட்டுக்கு ஆகும் தீவனத்தை அப்படியே கேட்கும். பால் மட்டும் தராது. லாடம், மருந்து, புழு நீக்கம், பல் ராவுதல் எல்லாம் தனிச் செலவு. முதல் 6 மாதம் இது ஒரு பைசாவும் சம்பாதிக்காது, சம்பாதிக்க விடவும் கூடாது. இந்த 6 மாதத்தைத் தாங்க முடியாதவர் இனாமாக வந்தாலும் கைகூப்பி அனுப்பிவிடுவதே நல்லது.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு வரும் கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகளைப் பழக்கியவர்கள், எல்லாக் குதிரையும் ஒன்றுதானே என்று நினைப்பதுண்டு. அப்படியல்ல. பந்தயக் குதிரை, இங்கிலாந்தில் 300 ஆண்டுகளாக வேகம் ஒன்றுக்காகவே பொறுக்கி வளர்த்த தனி இனம். தோல் மெல்லியது, நரம்பு கூரியது, சிறு சத்தத்துக்கும் உடம்பு சிலிர்க்கும். 2 வயதிலேயே பந்தயத்துக்கு வந்துவிடும். 6, 7 வயதுக்குள் பெரும்பாலானவற்றின் ஓட்டம் முடிந்துவிடும். குதிரையின் ஆயுளோ 25 ஆண்டு. மீதி 18 ஆண்டுக்கு அதற்குச் சோறு போடுவது யார் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இப்போது கூர்மையாகியிருக்கிறது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க இங்கே 1974-ல் சட்டம் வந்தது. அது திறமையைச் சார்ந்த ஆட்டமே என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ல் உதகைப் பந்தய மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் குத்தகையையும் ரத்து செய்தது. மைதான நிலம் யாருக்கு என்று பேசுபவர்கள் ஏராளம். ஓடி முடித்த குதிரை எங்கே போகும் என்று பேசுவோர்தான் குறைவு. உதகைத் தெருக்களில் கேட்பாரற்றுத் திரிந்து குப்பையையும் பிளாஸ்டிக் பையையும் மேயும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு, கைவிடப்பட்ட குதிரையின் கதி என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வசதியும் பொறுமையும் உள்ள விவசாயி ஒருவர் இத்தகைய குதிரைக்கு இடம் கொடுத்தால் அது நல்ல காரியம்தான். ஆனால் சவாரிக்கு மட்டும். பார வண்டியில் பூட்டவோ, ரேக்ளாவில் விடவோ இதை வாங்கக் கூடாது. இரண்டு ஏர்க்காலுக்கு நடுவில் நின்று பழகாத மிருகம் அது. பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டு மிரண்டால், வண்டியும் ஆளும் எங்கே போய் விழுவார்கள் என்று சொல்ல முடியாது.

வந்தவுடன் செய்யும் முதல் தவறு தீவனத்தில்தான். லாயத்தில் ஓட்ஸும் பிற தானியமும் தின்று வளர்ந்த குதிரைக்கு ஒரே நாளில் வைக்கோலைப் போட்டால் வயிற்று வலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது. ஆகவே மாட்டுக்குச் சாதாரணமான வயிற்றுக் கோளாறு இதற்கு உயிரையே வாங்கிவிடும். பழைய லாயத்தில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு, அதையே முதலில் கொடுத்து, 2 வாரத்தில் சிறிது சிறிதாகத் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். ஓட்டம் நின்ற பிறகும் தானியத்தைக் குறைக்காவிட்டால் அந்தச் சக்தி முழுவதும் துள்ளலாகவும் உதையாகவும் வெளிவரும். வேலை செய்யாத குதிரைக்குக் கொள்ளு படி படியாக அளப்பவர்கள் பிறகு குதிரை அடங்கவில்லை என்று குறைப்படுகிறார்கள்!

புல்லிலும் பார்த்துக் கொடுக்க வேண்டும். அறுகம்புல் நல்லது. கொங்கு நாட்டுக் கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர், நீலகிரியின் கிக்குயு ஆகியவற்றில் ஆக்ஸாலிக் அமிலச் சத்து அதிகம். மாடு அதைச் சமாளித்துவிடும். குதிரை இவற்றையே மாதக்கணக்கில் தின்றால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராமல் எலும்பு கெட்டு, முகம் வீங்கி, கால் நொண்டும். கோதுமைத் தவிட்டை மட்டும் நம்புவதும் இதே கேட்டைத்தான் செய்யும். இதற்கு மாற்று தோட்டத்திலேயே இருக்கிறது. குதிரை மசாலுக்கு நம் முன்னோர் சும்மா அந்தப் பெயரை வைக்கவில்லை. சுண்ணாம்புச் சத்து நிறைந்த தீவனம் அது. அதையோ வேலி மசாலையோ தினமும் ஒரு பங்கு சேர்த்து, கால்நடை மருத்துவர் சொல்லும் தாது உப்பையும் கொடுக்கலாம். பச்சைச் சோளப் பயிரில் மேய விடக் கூடாது. கடையில் விற்கும் மாட்டுத் தீவனத்தையும் கோழித் தீவனத்தையும் குதிரையின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அவற்றில் சிலவற்றில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து மாட்டுக்கு நன்மை செய்வது, குதிரைக்கோ நஞ்சு.

தண்ணீர் நாளைக்கு 25 முதல் 40 லிட்டர், கோடையில் இன்னும் அதிகம். தரையைக் காலால் கிளறுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, சாணம் போடாமலிருப்பது இவை வயிற்று வலியின் அடையாளங்கள். அப்போது வாயைத் தூக்கிப் பிடித்து எண்ணெய் ஊற்றும் பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போய்க் குதிரையைக் கொன்றுவிடும். தீவனத்தை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைப்பதே வழி.

பந்தயத்துக்கு அடித்த மெல்லிய அலுமினிய லாடத்தைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய சில வாரம் உள்ளங்கால் கூசும். சரளைக்கல் இல்லாத மண் தரையில் விட்டால் குளம்பு தேறிவரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் செதுக்க வேண்டும். மாட்டுக்கு லாடம் கட்டுபவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. குளம்பின் அமைப்பே வேறு. வாங்குமுன் முன்னங்காலின் பின்புறத் தசைநாரை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்க வேண்டும். சூடோ, வில் போன்ற புடைப்போ இருந்தால், அது ஆற 9 மாதம் முதல் ஓராண்டு ஆகும். பந்தயத்தை விட்டதன் காரணமே பல சமயம் அதுதான்.

காலில் தளை போட்டு மேய விடுவது நம் ஊர் வழக்கம். பந்தயக் குதிரைக்குத் தளை என்றால் என்னவென்றே தெரியாது. மிரண்டு எகிறிக் காலை முறித்துக்கொள்ளும். வேலியடைத்த காட்டில் அவிழ்த்து விடுவதே சரி. முள்கம்பி வேலி மட்டும் ஆகாது. தனியாகக் கட்டிப்போட்டால் ஏங்கிப்போகும். வேறு குதிரை இல்லாவிட்டால் ஒரு வெள்ளாடு துணை இருந்தாலும் போதும்.

பழக்குவதற்கு வருவோம். முதல் 2, 3 மாதம் சேணமே வேண்டாம். மேயட்டும், புரளட்டும், ஆளைப் பழகட்டும். நாளில் பெரும்பகுதியை லாயத்திலேயே கழித்து, வெளியே வந்தால் ஓட்டம் என்றிருந்த குதிரை, வெளியே வந்தும் ஓட வேண்டியதில்லை என்று கற்க வேண்டும். இதைத் தடியால் கற்பிக்க முடியாது. இந்தக் காலத்தில் பிடித்து நடத்துவது, நில் என்றால் நிற்பது, பின்வாங்குவது, காலைத் தூக்கிக் காட்டுவது ஆகியவற்றைத் தரையில் நின்றே பழக்கலாம். டிராக்டர், பஸ் ஹாரன், மேளம், குடை, குலைக்கும் நாய் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டி, நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவர வேண்டும்.

பிறகு நீளக் கயிற்றில் வட்டமாக நடத்த வேண்டும். மைதானத்தில் பெரும்பாலும் ஒரே பக்கமாக வளைந்து ஓடிய உடம்பு அது. மறுபக்கம் திரும்பத் தெரியாமல் விறைத்து நிற்கும். இரண்டு பக்கமும் சமமாக, முதலில் நடை, பிறகு துள்ளோட்டம். 10, 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஏறும்போதுதான் பலரும் விழுகிறார்கள். ஜாக்கியைக் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் தூக்கி மேலே விட்டுவிடுவார். ஆகவே ஆள் ஏறும்வரை நிற்க வேண்டும் என்பது இதற்குத் தெரியாது. ஒரு மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, வெறும் சேணத்தின் மேல் சாய்வதும் இறங்குவதுமாகவே ஒரு வாரம் கழிந்தாலும் நஷ்டமில்லை. ஜாக்கி குட்டையான அங்கவடியில் எழும்பி நிற்பவர். முழுப் பாரத்தோடு உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு விலாவைத் தொடும் ஆள் இதற்குப் புதிது. ஆகவே முதலில் ஏறுபவர் எடை குறைந்தவராகவும் பழகியவராகவும் இருக்க வேண்டும், தலைக்கவசத்தோடு.

இதைவிட முக்கியம் லகான். நாட்டுக் குதிரை லகானை இழுத்தால் நிற்கும். பந்தயக் குதிரையோ இழுக்க இழுக்க வேகமெடுக்கும். ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிக்க, குதிரை அந்தப் பிடியில் சாய்ந்து ஓடும்படி பழக்கப்பட்டிருக்கிறது. குதிரை சற்று விரைந்தது என்று பயந்து இரண்டு கையாலும் இழுப்பவரைக் கொண்டு அது பாய்ச்சலில் போய்விடும். பழியோ குதிரையின் மேல் விழுகிறது! உடம்பைத் தளர்த்திச் சேணத்தில் ஆழ உட்கார்ந்து, லகானைச் சற்றே பிடித்துப் பிடித்து விட்டு, பெரிய வட்டமாகத் திருப்ப வேண்டும். நிற்பதற்கான இந்தப் புதிய பாஷையை நடையிலேயே வாரக்கணக்கில் கற்பித்த பிறகே துள்ளோட்டம். பாய்ச்சலுக்கு அவசரமே இல்லை. அது ஏற்கனவே தெரிந்த வித்தை. இரும்பு முள் வைத்த கொடுங்கடிவாளம் வாயைப் புண்ணாக்குமே தவிர புத்தி புகட்டாது.

வாங்கிய மறுவாரமே சுற்றுலாக்காரர்களின் குழந்தைகளை இதில் ஏற்றுவது மன்னிக்க முடியாத குற்றம். 6 மாதம் கழித்தும், பழக்கிய ஆள் பக்கத்தில் நடந்து வரும்போதும் அடங்கியே இருந்தால்தான் அந்த எண்ணமே வரலாம்.

இத்தனையும் விவசாயி செய்ய வேண்டுமென்றால், குதிரையைக் கொடுப்பவருக்குக் கடமை ஒன்றும் இல்லையா? அது ஓடிய காலத்தில் பரிசுப் பணம் பெற்றவர் அவர். ஓட்டம் முடிந்ததும் பாரத்தை ஏழையின் தலையில் இறக்கிவிட்டு, இனாமாகக் கொடுத்தேன் என்று புண்ணியம் பேசுவதில் என்ன நியாயம்? உண்மையான கொடை என்றால் குதிரையோடு 6 மாதத் தீவனச் செலவும் வர வேண்டும். அடையாளச் சில்லு எண் உள்ள பாஸ்போர்ட், பட்ட காயங்கள், போட்ட ஊசிகள் பற்றிய மருத்துவக் குறிப்பு ஆகியவையும் கைக்கு வர வேண்டும். பந்தய சங்கங்கள் இதை ஒரு விதியாகவே வைக்கலாம். ஒவ்வொரு பந்தயத்தின் பரிசுத் தொகையிலும் ஒரு சிறு பங்கை இதற்கென்று ஒதுக்கினால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். தரகர் மூலம் பெயர் தெரியாமல் கைமாறும் குதிரைதான் கடைசியில் பாரவண்டியிலோ தெருவிலோ போய் நிற்கிறது.

விவசாயியும் இதில் தயவு தாட்சண்யம் பார்க்காமல் கேட்டு வாங்க வேண்டும். முக்கியமாக ரத்தப் பரிசோதனைச் சான்று. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதனுக்குத் தொற்றி உயிரைக் குடிக்கக் கூடியது. நோய் உறுதியானால் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி குதிரையைக் கொல்ல வேண்டியிருக்கும். மூக்கில் கெட்டிச் சளியோ, தோலில் வரிசையாகக் கட்டிகளோ உள்ள குதிரையைத் தொடவே கூடாது. நலமாகத் தெரியும் குதிரையையும் சான்று இல்லாமல் லாரியிலிருந்து இறக்க விடக் கூடாது. ஹிஸாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான ரத்தப் பரிசோதனை நடக்கிறது. ரத்தம் எடுத்து அனுப்புவது பற்றிப் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். தடுப்பூசி போட்ட சீட்டு இல்லையென்றால், வந்த அன்றே ரண ஜன்னி ஊசிக்கும் அங்கேயே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.