நேர்காணலும் நியமனமும்

அமெரிக்காவின் என்.எப்.எல். கால்பந்து அமைப்பில் 32 குழுக்கள் உண்டு. ஆட்டக்காரருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தலைமைப் பயிற்சியாளராய் அமர்வோரோ மிகச் சிலர். இக்குறை தீர 2003-ஆம் ஆண்டில், குழு உரிமையாளர் டான் ரூனியின் பெயரால் 'ரூனி விதி' வந்தது. அப்பதவிக்குச் சிறுபான்மையினர் ஒருவரையேனும் நேர்காண வேண்டும் என்றது அவ்விதி. நியமிக்க வேண்டும் என்று பணிக்கவில்லை.

பயன் விளையாமலில்லை. 2002-இல் இருவராயிருந்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கள் 2006-இல் எழுவராயினர். ஆயினும் 2022 பிப்ரவரியில் பயிற்சியாளர் பிரையன் புளோரஸ் வழக்குத் தொடுத்த நாளில் ஒருவரே எஞ்சியிருந்தார். ஆளை முன்பே முடிவு செய்துவிட்டுத் தம்மைப் பெயரளவில் அழைத்தனர் என்பது புளோரஸின் முறையீடு.

அழைப்பது மட்டுமே கடமையானால் அழைப்பு வெறுஞ் சடங்காகும். ஒருவரை ஏற்ற காரணத்தையும் மற்றவரை விலக்கிய காரணத்தையும் எழுதிக் கையொப்பமிடச் செய்தாலன்றி, விதி முழுப்பயன் தராது என்பது என் துணிபு.