முழங்காலுக்கும் ஒரு வேலை கொடுங்கள்

திருப்பூர் நெருப்பெரிச்சல் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் டெய்லரின் கைகள் துணியை விட்டு விலகுவதில்லை. ஓட்டத்துக்கு ஒரு பெடல். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்க இன்னொரு பெடல். சிங்கிள் நீடில் மெஷினில் அந்த ஃபுட்டைத் தூக்குவது மேசைக்கடியில் வலது முழங்காலால் தள்ளும் லிவர். நூல் வெட்டும் வசதியுள்ள மெஷினில் பெடலைக் குதிகாலால் பின்னுக்கு அழுத்தினால் போதும், நூல் அறுந்துவிடும். துணி கைக்கு, மெஷின் காலுக்கு என்று தையல் மேசையில் எப்போதோ தீர்ந்துபோன இந்தப் பங்கீடு நம் கச்சேரி மேடைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. மின் சுருதிப்பெட்டியையும் தாளப்பெட்டியையும் கை படாமல் இயக்க வழி வேண்டும். அந்த வழி, தரையில் உட்கார்ந்து வாசிப்பவரின் உடம்புக்குப் பொருந்தவும் வேண்டும்.

கருவி உடம்புக்கு ஏற்ப மாறியதற்கு ஆர்மோனியமே சாட்சி. 1842இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபாய்ன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியத்துக்குக் காலால் மிதித்துக் காற்றூட்ட வேண்டும். இரண்டு கைகளும் கட்டைகளின் மேல் இருக்கும். நாற்காலி போடாத நாட்டில் அது எப்படி நடக்கும்? அந்த நூற்றாண்டிலேயே கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், தரையில் வைத்து வாசிக்கக்கூடிய கைத்துருத்திப் பெட்டியைச் செய்தார். பெட்டி ஊரெங்கும் பரவியது. ஆனால் அதற்கு விலையாக ஒரு கை போயிற்று. துருத்தி தள்ளும் கை வாசிக்க முடியாது. உட்காரும் முறையைக் காப்பாற்ற ஒரு கையைக் கொடுத்தோம். இன்று மின்சாரம் வந்த பிறகும் அந்தக் கையைத் திருப்பிக் கேட்காமல் இருக்கிறோம்.

1979இல் பெங்களூரில், மின் சுருதிப்பெட்டிகள் செய்யும் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கிய ராஜ் நாராயண், பொறியாளர் மட்டுமல்லர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. மின் சுருதிப்பெட்டியும் மின் தம்பூராவும் வந்ததால், துருத்தி அசைக்கவும் தந்தி மீட்டவும் ஓர் ஆள் வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. ஆனால் இப்பெட்டிகளின் திருகும் பொத்தானும் விரலை நம்பியே அமைந்தவை. ஒருமுறை சுருதி சேர்த்துவிட்டால் பிறகு யார் தொடப்போகிறார்கள் என்று கேட்கலாம். தொட வேண்டியிருக்கிறது. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி போன்ற ராகங்களை மத்யம சுருதியில் வாசிப்பது வழக்கம். அங்கே பெட்டியில் பஞ்சமம் போய் மத்யமம் வர வேண்டும். பாடகர் கை நீட்டித் திருப்பிக்கொள்வார். தனியாக வீணை வாசிப்பவர் மீட்டை நிறுத்தித்தான் கையை எடுக்க வேண்டும். பின்னால் உட்காரும் சீடர் செய்யமாட்டாரா என்றால், செய்வார்தான். ஆனால் சபையில் கிடைக்கும் சீடர், வீட்டில் தனியே சாதகம் செய்யும் வயலின் மாணவிக்குக் கிடைப்பாரா? தாளப்பெட்டியின் காலத்தைச் சற்றே கூட்டி அதே வர்ணத்தைத் தொடர நினைக்கும் ஒவ்வொரு முறையும் அவள் வில்லைக் கீழே வைக்கிறாள்.

மேற்கத்திய மேடையில் கை படாமல் இயக்குவது பழைய செய்தி. மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி என்ற பொதுமொழியில், காலால் இயக்கவும் மூச்சால் இயக்கவும் தனித்தனி எண்களே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நம் மெல்லிசைக் குழுக்களின் கீபோர்டு கலைஞர்களுக்கும் பெடல் புதிதல்ல. ஆனால் அந்தப் பெடல்கள் எல்லாமே நிற்பவருக்கும் நாற்காலியில் அமர்பவருக்கும் செய்தவை. நம் வயலினின் சுருள்முனை வலது பாதத்தில் ஊன்றி நிற்கிறது. வீணையின் சுரைக்காய் இடது தொடையில் படிகிறது. ஒரு காலுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஓய்வாக இருப்பது மற்றொரு முழங்கால். டெய்லரின் லிவரை அப்படியே எடுத்து மாட்டினாலும் பயன்படாது. சம்மணமிட்டவரின் முழங்காலால் பக்கவாட்டில் தள்ள முடியாது, கீழே அழுத்தத்தான் முடியும். ஆகவே முழங்காலுக்கு அடியில் கிடக்கும் தட்டையான பட்டையே நமக்கு ஏற்றது.

தவறுதலாக அழுந்திவிட்டால் கச்சேரி கெடாதா என்ற அச்சம் நியாயமானது. முழங்காலால் தாளத்தை உணர்ந்து அசைகிறவர்கள் நம் கலைஞர்கள். அதனால் ஒரு தொடுகைக்கு அசையாமல், சில நொடி அழுத்திப் பிடித்தால் மட்டும் மாறும்படி பட்டையை அமைக்க வேண்டும். மாறியதைச் சொல்ல ஒரு சின்ன விளக்கு போதும். கவனம் சிதறும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம், முதல் சில வாரங்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் நாளெல்லாம் பெடல் மிதிக்கும் டெய்லரின் கண் ஊசிமுனையில்தான் இருக்கிறது, காலில் இல்லை. பழக்கம் உடம்புக்குள் இறங்கியபின் அது கவனத்திடம் கூலி கேட்பதில்லை. அந்த டெய்லருக்கு வரும் கால்வலி, கச்சேரியில் நாலைந்து முறை அழுத்துபவருக்கு வராது.

எல்லாருக்கும் இது உதவாது. வீதியுலாவில் நடந்தபடி வாசிக்கும் நாதஸ்வரக் கலைஞரின் கால், மூச்சு, கை மூன்றும் வேலையில் இருக்கின்றன. அவருக்குச் சுருதி பிடிக்க உடன் நடக்கும் ஆள்தான் சரி, அந்த ஆளுக்குரிய சம்பளத்தைக் குறைக்க இந்தப் பட்டையைக் காரணம் காட்டவும் கூடாது. மேடையில் அமர்பவருக்கும் வீட்டில் சாதகம் செய்பவருக்கும் தேவைப்படுவது ஒரு சாதாரண சுவிட்சும், அதைச் செருகப் பெட்டியின் பின்புறம் ஒரு துளையும்தான். அந்தத் துளை எல்லா நிறுவனத்தின் பெட்டியிலும் ஒரே அளவில், ஒரே இணைப்பில் இருக்க வேண்டும். கீபோர்டு பெடல்களில் ஒரு நிறுவனத்தினுடையதை இன்னொன்றில் செருகினால் சில நேரம் அழுத்தும்போது ஓய்ந்து, விடும்போது இயங்குகிறது. சுருதிப்பெட்டி செய்பவர்கள் இதை முதலிலேயே கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.